ஏட்டையா என்று அழைக்கத் தெரிந்தவன்

புதுச்சேரியைக் களமாகக் கொண்டு நீங்கள் எழுதிவரும் கதையில், பெற்றோர் இல்லாமல் தெருவில் வளரும் 12 வயதுக் கெட்டிக்காரச் சிறுவன் ஒருவன் வருகிறான். அவன் குணம் எப்படி இருக்கும், என்னென்ன திறமைகளைக் கொண்டு அவன் பிழைத்திருப்பான் என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு பையன்தான் அவனுக்கு முன்மாதிரி என்றும், அவன் காது குடையும் பஞ்சுக்குச்சி விற்று ஒரு நொடியில் மீதிச் சில்லறை எண்ணித் தருகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் பிறவியில் வந்ததா, பசி கற்றுக்கொடுத்ததா என்பதையே நீங்கள் உண்மையில் அறிய விரும்புகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் கடலூரிலும் புதுச்சேரியிலும் சிறுவர் இல்லங்களில் 19 ஆண்டுகள் ஆற்றுப்படுத்துநராக வேலை பார்த்தவன். அவற்றில் ஆறு ஆண்டுகள் இரவு நேரத்தில் பேருந்து நிலையம், ரயில் நிலையம், மீன்பிடித் துறைமுகம் என்று சுற்றிவந்து பிள்ளைகளைச் சந்திப்பதே பணி. அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். நான் பழகியவர்களில் பெரும்பாலோர் ஆண் பிள்ளைகள். பெண் குழந்தைகள் தெருவில் நீண்ட நாள் கண்ணில் படுவதில்லை, அதற்கான காரணங்களும் மகிழ்ச்சி தருபவை அல்ல. எங்கள் கண்ணில் படாமலே பிழைத்துக்கொண்ட மகா கெட்டிக்காரர்கள் என் அனுபவத்துக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அநாதை என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். யுனிசெஃப் கணக்கெடுப்பில் பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளையும் அநாதைதான். நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமோ, பெற்றோரும் பாதுகாவலரும் இல்லாத பிள்ளையோடு, பாதுகாவலர் இருந்தும் பார்த்துக்கொள்ள விருப்பமோ சக்தியோ இல்லாதபோது அந்தப் பிள்ளையையும் அப்படியே வகைப்படுத்துகிறது. தெருவிலோ இந்தச் சொல்லுக்கு வேறொரு பயன் உண்டு. 'எனக்கு யாரும் இல்லை' என்பது பல பையன்கள் சொல்லும் முதல் வாக்கியம். அதில் பாதிக்கு மேல் உண்மை இருக்காது. ஊர்ப் பெயரைச் சொன்னால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதும், அங்கே பெல்ட்டோடு ஒரு சித்தப்பனோ குடித்துவிட்டு வரும் அப்பனோ காத்திருப்பான் என்பதும் அவனுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அதன்பின் பல ஆண்டுகள் எங்களிடம் வந்த பையன்கள் ஒருவர் விடாமல் 'அப்பா அம்மா சுனாமியில் போய்ட்டாங்க' என்றார்கள். 2015இல் ஒரு பையன் இதையே சொன்னபோது வயதைக் கேட்டேன், எட்டு என்றான். கணக்கு இடிக்கிறதே என்று நான் யோசிப்பதைப் பார்த்தவன், 'அப்ப தானே புயல்' என்று திருத்திக்கொண்டான். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலைத்தான் சொன்னான். பெரியவர்கள் எந்தத் துயரத்துக்கு இரங்குகிறார்கள் என்பதை அவன் ஊர் முழுக்கக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தான். அவனுடைய அம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் வேலை செய்துகொண்டிருந்தார் என்பது நான்கு மாதம் கழித்துத் தெரிந்தது.

பிழைப்பதற்கு அவனிடம் இருக்கும் முதல் கருவி எது என்று கேட்டால், வேகமான கால் என்றோ திருட்டுக் கை என்றோ நான் சொல்லமாட்டேன். உறவுமுறைச் சொல் என்பேன். பூக்கட்டும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணை ஆயா என்று அழைத்தவனுக்கு அன்றைக்கு இட்லி கிடைக்காது. அக்கா என்று அழைத்தவனுக்குக் கிடைத்துவிடும். கூபேர் அங்காடியில் விடியற்காலையில் மூட்டை இறக்குபவர் அண்ணன். அவருக்கே தலை நரைத்திருந்து கோபக்காரராகவும் இருந்தால் பெரியவர். வார இறுதியில் கடற்கரைச் சாலைக்கு வரும் வெளியூர் இளைஞன் ப்ரோ; அவனோடு வரும் பெண் அக்கா, ஒருபோதும் மேடம் அல்ல, ஏனென்றால் மேடம் என்றால் பிச்சை கேட்பது தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவன், லத்தியால் தரையைத் தட்டி எழுப்பும் எந்தக் காவலரையும், அவர் போன மாதம் வேலையில் சேர்ந்தவராகவே இருந்தாலும், ஏட்டையா என்றே அழைப்பான். 'பதவி உசத்திக் குடுத்தவனை யாரு சார் அடிப்பாங்க?' என்பது அவன் எனக்குத் தந்த விளக்கம். எதிரில் வருபவரின் செருப்பு, நடை, தன்னைப் பார்த்ததும் கையைப் பைமேல் வைக்கிறாரா இல்லையா என்பதையெல்லாம் நாலைந்து எட்டு வைப்பதற்குள் பார்த்துத்தான் அவன் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறான். அப்பா என்று மட்டும் அவர்கள் யாரையும் அழைத்து நான் கேட்டதில்லை. உங்கள் கதையில் அவன் ஒருவரை அப்பா என்று அழைக்கும் காட்சி இருந்தால், என்னைக் கேட்டால் அதை எடுத்துவிடச் சொல்வேன்.

அடுத்து, கதைகளில் வரும் தெருச்சிறுவன் பெரும்பாலும் தனியனாக இருக்கிறான். நான் பார்த்த வரையில் தனியனாக இருந்தவன் சில வாரங்களுக்கு மேல் தாக்குப்பிடித்ததில்லை. கெட்டிக்காரன் நான்கைந்து பெரியவர்களை ஆளுக்கொரு காரியத்துக்கென்று சேர்த்து வைத்திருப்பான். ஒருவர் சோற்றுக்கு, ஒருவர் மழையில் ஒதுங்க, ஒருவர் காசைப் பத்திரப்படுத்த, ஒருவர் போலீஸ் விசாரித்தால் 'நம்ம பையன்தான்' என்று சொல்ல. பதிலுக்கு அவன் டீ கிளாஸ் கழுவுவான், தள்ளுவண்டிக்குக் காவல் இருப்பான், கடைச்சாவியை வாங்கிவருவான். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசமாட்டான். எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் வாங்கிக்கொள்ளவும் மாட்டான், அப்படி வாங்கினால் அந்த ஆள் சொன்னதையெல்லாம் செய்ய வேண்டிவரும் என்பது அவனுக்குத் தெரியும். காரணமில்லாமல் பிரியாணி வாங்கித்தரும் ஆளிடம் அவனுக்கு மிகுந்த எச்சரிக்கை உண்டு. 'காசு குடுத்தா வாங்கிக்க, கூப்ட்டா போவாத' என்று மூத்த பையன்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை இரவுச் சுற்றில் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த எச்சரிக்கை எல்லா நேரமும் அவர்களைக் காப்பாற்றிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவர்களைப் பற்றி ஊர் சொல்லும் பெரிய குற்றச்சாட்டு, கையில் காசு தங்காது என்பது. இருநூறு ரூபாய் கிடைத்தால் இரவுக்குள் பரோட்டாவும் சினிமாவும் சீட்டுமாகத் தீர்த்துவிடுவான் என்பது உண்மைதான். ஆனால் சட்டைப்பையில் காசோடு தூங்கினால் விடியும்போது அது இருக்காது. ஆகவே இருக்கும்போதே தின்று தீர்ப்பது அந்த இடத்துக்குச் சரியான கணக்கு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நெருக்கமானது. சிறு குழந்தைகளிடம் ஒரு மிட்டாயைக் கொடுத்து, காத்திருந்தால் இரண்டாவது தருவோம் என்றார்கள். அதற்கு முன்பே தங்களிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றாத பெரியவரைப் பார்த்திருந்த குழந்தைகள் சராசரியாகச் சுமார் 3 நிமிடமும், சொன்னபடி நடந்தவரைப் பார்த்திருந்த குழந்தைகள் சுமார் 12 நிமிடமும் காத்திருந்தார்கள். பங்கேற்றவர்கள் 28 பேர் மட்டுமே. தெருவில் வளர்ந்தவர்களும் அல்லர். அதனால் இதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் புதுச்சேரிப் பேருந்து நிலையத்தருகே தள்ளுவண்டியில் இட்லி விற்ற ஓர் அம்மாள், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பையன்களின் காசைத் துணி முடிச்சுகளாக முடிந்து, ஆளுக்கொரு நிற நூல் சுற்றி வைத்திருந்தார். காசு தங்காது என்று பேர் வாங்கிய அதே பையன்கள் அந்த டப்பாவில் மாதக்கணக்கில் சேர்த்தார்கள். நூலின் நிறத்தை ஒருவனும் மறக்கவில்லை.

நீங்கள் வியந்த சில்லறைக் கணக்குக்கு வருகிறேன்; இதில் ஓரளவு உறுதியாகப் பேச முடியும். பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில், தெருவில் விற்பனை செய்த 9 முதல் 15 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர்போலப் போய்க் கணக்குக் கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரியாக இருந்தன; அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விடைகளே சரி. இந்த ஆய்வு 1985இல் வெளிவந்தது. ஐந்து பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் மிகப் பெரிய அளவில் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வும் அதே பக்கம்தான் சாய்கிறது. பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள் என்பதையும் அது காட்டியது. எங்கள் இல்லத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலி பாட்டில் பொறுக்கிக் காயலான் கடையில் போட்டுவந்த ஒருவனிடம், ஒன்று 3 ரூபாய் என்றால் 17 பாட்டிலுக்கு எவ்வளவு என்றேன். 'பத்துக்கு முப்பது, அஞ்சுக்குப் பதினஞ்சு, ரெண்டுக்கு ஆறு, அம்பத்தொண்ணு' என்றான். பலகையில் 17ஐ எழுதி 3ஆல் பெருக்கச் சொன்னேன். ஏழு மூன்று இருபத்தொன்று என்று 21ஐ எழுதி, அதன் இடப்பக்கம் 3ஐ எழுதி, 321 என்று வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். 'காயலான் கடை பாய் 321 குடுப்பாரா?' என்று கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். பலகையில் இருப்பதும் பாட்டிலும் ஒரே கணக்கு என்பது அவனுக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. ஆகவே உங்கள் பாத்திரம் கணக்கில் புலியாக இருக்கலாம். ஆனால் பள்ளியில் சேர்த்த மறுநாளே முதல் மதிப்பெண் வாங்கிவிட்டான் என்று எழுதிவிடாதீர்கள்.

அவனுடைய இன்னொரு அறிவு ஊரைப் பற்றியது. அதைக் காலத்தோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் கூடை தூக்கியும் சிந்திய மீனைப் பொறுக்கியும் வாழ்பவனுக்கு அப்போது வேலை இருக்காது, ஆனால் கோடை விடுமுறைக் கூட்டம் கடற்கரைச் சாலைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதிச் சந்தை. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையிலும் தேவனாம்பட்டினத்திலும் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். ரமலான் மாதத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி. முகூர்த்த நாள்களில் மண்டபத்தின் பின்வாசல். இவற்றையெல்லாம் நாட்காட்டி இல்லாமலே அவன் வரிசையாகச் சொல்வான். எதுவும் கிடைக்காவிட்டால் வடலூர் என்பது கடலூர்ப் பையன்கள் அனைவருக்கும் தெரியும். 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. 'நீ யார், எந்த ஊர்' என்று கேட்காமல் இலை போடும் இடம். மற்ற இடங்களில் சோறு போடும் பலர் கதையையும் கேட்பார்கள். அங்கே பொய் சொல்லத் தேவையில்லை என்பதை ஒரு பையன் பெரிய வசதியாகச் சொன்னான். மாநில எல்லையும் அவனுக்கு ஒரு கருவிதான். முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசாங்கம், வேறு போலீஸ், வேறு குழந்தைகள் நலக் குழு. புதுச்சேரியில் கெடுபிடி அதிகமானால் கடலூர்ப் பேருந்தின் பின்வாசலில் தொற்றிக்கொள்வான். ஒரு சின்னத் திருத்தம்: உங்கள் குறிப்பில் அவன் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போகிறான், நேரான ரயில் பாதை கிடையாது, விழுப்புரம் சுற்றித்தான் போக வேண்டும். அவசரத்தில் ஓடுகிறவன் பேருந்தில்தான் ஏறுவான்.

அவனைக் கூட்டத்தின் தலைவனாக வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதில் ஐயம் உண்டு. நான் பார்த்த கூட்டங்களில் தலைவன் பதினாறு, பதினேழு வயதுப் பலசாலி. கெட்டிக்காரச் சிறுவன் அவனுக்குப் பக்கத்தில் இருந்து பங்கு பிரிப்பவன், பெரியவர்களிடம் பேசப் போகிறவன், இரண்டு பேர் அடித்துக்கொண்டால் ஒரு பகடியால் கலைத்துவிடுபவன். சிரிக்கவைக்கத் தெரிந்தவனுக்கு அடி குறைவு. பொய் அவனுக்குச் சரளம். ஆனால் கூட்டத்துக்குள் பங்கில் பொய் சொன்னால் மன்னிப்பே கிடையாது, அந்த விஷயத்தில் நம் கூட்டுறவுச் சங்கங்களைவிடக் கறாரானவர்கள். திருட்டைப் பொறுத்தவரை ஆளுக்கு ஆள் மாறுபடும். சோறு போட்ட வண்டியில் கை வைக்காதவன் ரயிலில் தூங்குபவரின் செருப்பை எடுப்பான். இதை ஒரு நெறி என்று சொல்லலாமா, பழக்கம் என்று சொல்லலாமா என்பதில் என் சகஊழியர்களோடு எனக்குப் பல ஆண்டுகள் வாக்குவாதம் நடந்தது. நான் நெறி என்ற கட்சி.

இந்தத் திறமைகளுக்கெல்லாம் அவன் கொடுக்கும் விலையை விட்டுவிட்டால் பாத்திரம் பொம்மையாகிவிடும். காலடி ஓசையில் பூட்ஸா செருப்பா என்று தூக்கத்திலேயே பிரித்தறிபவனுக்கு ஆழ்ந்த தூக்கம் வருவதில்லை. இல்லத்துக்கு வந்த பிறகும் கட்டிலில் படுக்காமல் கதவோரத்தில், செருப்பைத் தலைக்கு வைத்துப் படுப்பான். மூன்று வேளை சோறு உறுதியான பிறகும் தலையணை உறைக்குள் சப்பாத்தி இருக்கும், எறும்பு வந்துதான் எங்களுக்குத் தெரியும். வகுப்பில் ஆசிரியர் பின்னால் வந்து நின்றால் உடம்பு விறைத்துக்கொள்ளும். சிலர் பசியும் குளிரும் தெரியாமலிருக்க, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் ஊற்றி மோந்துகொண்டிருந்தார்கள். அது முதலில் பறித்துக்கொள்வது அந்தக் கூரிய கவனத்தைத்தான். சிறுவனுக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுவரை கடுங்காவல் என்று சட்டம் சொல்கிறது. கடைக்காரர்களிடம் இதைச் சொன்னபோது சிலர் விற்பதை நிறுத்தினார்கள், சிலர் விலையை ஏற்றினார்கள். உடலும் கதை சொல்லும்: சிரங்கு, ஆறாத கால்புண், வயதுக்கு இரண்டு மூன்று ஆண்டு குறைந்த வளர்த்தி. அந்தக் குள்ள உருவத்தையும் அவன் பயன்படுத்திக்கொள்வான். காசு கேட்கும்போது ஒன்பது வயது, வேலை கேட்கும்போது பதினைந்து.

பிறவியா பசியா என்ற கேள்விக்கு என்னால் ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே ரயிலில் வந்து இறங்கிய அண்ணன் தம்பி இருவரில் தம்பி ஆறு மாதத்தில் அங்காடி முழுவதையும் நண்பர்களாக்கிக்கொண்டதையும், அண்ணன் ஒரு தூணருகே உட்கார்ந்தே மெலிந்துபோனதையும் பார்த்திருக்கிறேன். எனவே பசி எல்லோருக்கும் வாத்தியார் ஆகிவிடாது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், மிகக் கடினமான சூழலில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தேறியிருந்தார்கள். அவர்கள் வாழ்வில் நிலையாக அன்பு காட்டிய ஒரு பெரியவராவது இருந்தார், அவர் பெற்றோராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவர்கள் தெருப்பிள்ளைகள் அல்லர் என்றாலும், எங்கள் இல்லத்திலிருந்து போய் இன்று மெக்கானிக்காகவும் சமையல்காரராகவும் இருப்பவர்களிடம் கேட்டால், ஒவ்வொருவரும் ஒரு ஆளின் பெயரைச் சொல்கிறார்கள். அந்த ஆள் பெரும்பாலும் இல்லத்துக்கு வெளியே, தெருவிலேயே கிடைத்தவர் என்பது எங்களுக்குக் கொஞ்சம் வெட்கம்தான். இட்லிக்கார அம்மாளின் பெயரை மட்டும் மூவர் சொன்னார்கள்.

கடைசியாக, உங்கள் முன்மாதிரி உயிருள்ள ஒரு பையன் என்பதால் ஒன்று. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்தால் இரவானாலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. அழைத்துச் சென்ற பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும்; குழு முதலில் குடும்பத்தைத்தான் தேடும், பாதுகாப்பான குடும்பம் இல்லையென்றால் இல்லத்துக்கு அனுப்பும். அவனுக்குத் தெரியாமல் அழைத்தீர்களானால் உங்களைக் காட்டிக்கொடுத்தவர் கணக்கில் எழுதிவிடுவான்; முதல் தடவையே ஓடிவிடவும் கூடும். அதனால் சில நாள் பஞ்சுக்குச்சி வாங்குங்கள், சாப்பிட்டானா என்று கேளுங்கள், 'இப்படி ஒரு எண் இருக்கிறது, நான் கூப்பிடப்போகிறேன்' என்று சொல்லிவிட்டே கூப்பிடுங்கள். ஆனால் உடம்பில் காயம் தெரிந்தாலோ, பெரிய ஆள் ஒருவன் அவனைக் கூட்டிப்போவதைப் பார்த்தாலோ இந்த மரியாதையெல்லாம் வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். பெயர் கேட்டால் ஒன்று சொல்வான், அந்தப் பெயராலேயே கூப்பிடுங்கள். எங்களிடம் வந்தவர்கள் சொந்தப் பெயரைச் சொல்வதற்குள் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் கடந்திருந்தன.